அரட்டைக் கம்பியில் இயந்திரங்களின் பேச்சு

காஞ்சிபுரத்துப் பட்டுத் தறிகளின் மேல் தொங்கும் ஜக்கார்டு அட்டைகளைப் பார்த்திருப்பீர்கள். துளை இருந்தால் கொக்கி பாவு நூலைத் தூக்கும், இல்லாவிட்டால் தூக்காது. "அழகா ஒரு மயில் போடு" என்று அட்டையில் எழுதி மாட்டினால் தறிக்கு ஒன்றும் புரியாது! மனிதருக்கு எழுதும் செய்தி வேறு, இயந்திரத்துக்கு அனுப்பும் செய்தி வேறு. கணினி உலகில் இந்த இரண்டையும் ஒரே வழியில் அனுப்பிக் காட்டியது ஜாபர்.

1999 ஜனவரியில் அமெரிக்காவின் ஜெரமி மில்லர் இதை அறிவித்தார். ஐ.சி.க்யூ.வில் இருப்பவர் யாஹூவில் இருப்பவரோடு அரட்டை அடிக்க முடியாத காலம் அது. ஜாபரிலோ மின்னஞ்சல் மாதிரியே முகவரி. யார் வேண்டுமானாலும் வழங்கி நடத்தலாம். 2004 அக்டோபரில் இது எக்ஸ்.எம்.பி.பி. என்ற பெயரில் இணையத் தரமானது.

இதில் செல்பவை மூன்றே வகை: செய்தி, 'இருக்கிறேன்' என்ற அறிவிப்பு, கேள்வி-பதில். மூன்றாவதில்தான் விஷயமே இருக்கிறது. ஒரு ஜவுளிக்கடையின் மென்பொருள் கிடங்கின் மென்பொருளிடம், "அரக்கு நிறம், இந்த எண், எத்தனை இருப்பு?" என்று எக்ஸ்.எம்.எல். குறிகளுக்குள் கேட்பதாக வைத்துக்கொள்வோம். கேள்விக்கு ஓர் அடையாள எண் உண்டு. பதில் அதே எண்ணோடு திரும்ப வேண்டும். முடியாவிட்டால் பிழை என்றாவது வர வேண்டும். மௌனம் செல்லாது. வேறொரு கணினியில் உள்ள நிரலை இப்படிக் கூப்பிட்டு இயக்க ஜாபர்-ஆர்.பி.சி. என்ற விதிமுறையும் வந்தது.

இன்னொரு வசதி, இணைப்பு திறந்தே இருக்கும். "சேலை முடிஞ்சுதா?" என்று அரைமணிக்கு ஒருதரம் நெசவாளர் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டாம், முடிந்ததும் அவரே சொல்லி அனுப்புவார். கூகுளின் கிளவுட் பிரிண்ட் சேவை 2020 இறுதியில் மூடப்படும்வரை, புது அச்சு வேலை வந்ததை அச்சுப்பொறிக்குச் சொன்னது இந்த அரட்டை வழியில்தான்.

பிறகு கதவுகள் சாத்தப்பட்டன. 2005-ல் ஜாபர் வழியில் தொடங்கிய கூகுள் டாக்கின் இடத்துக்கு 2013-ல் ஹேங்அவுட்ஸ் வந்தது. வெளி வழங்கிகளோடு பேசும் வழக்கம் அதில் இருக்கவில்லை. ஃபேஸ்புக் 2010-ல் திறந்த எக்ஸ்.எம்.பி.பி. வாசலை 2015-ல் அடைத்தது. 2009-ல் பிறந்த வாட்ஸ்அப் இந்த நெறிமுறையை எடுத்து, நீளமான குறிகளைச் சுருக்கித் தன் தேவைக்கு மாற்றிக்கொண்டது. மெதுவான செல்பேசி இணைப்புக்கு அது நல்ல வேலைதான். ஆனால் அந்நிய வழங்கிகளுக்கு அங்கே இடமிருக்கவில்லை. வணிக மென்பொருள்கள் நுழைய 2018-ல் ஒரு வாசல் திறந்தது, அதுவும் நிறுவனத்தின் அனுமதியோடு, கட்டணத்தோடு.

இன்று காஞ்சிபுரத்துச் சேலையின் படம் வாட்ஸ்அப்பில்தான் வெளியூர் வாடிக்கையாளருக்குப் போகிறது. "இதே கரை, பச்சை உடல், ரெண்டு வேணும்" என்று பதில் வந்தால், அதைப் படித்துக் கணக்கில் ஏற்றுவது பெரும்பாலான சிறு கடைகளில் ஒரு மனிதர்தான்.