கத்திக்குப் பிந்திய வலி: ஒரு வரலாற்று நோக்கு

1794ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்து 'ஜென்டில்மன்ஸ் மகசின்' என்னும் இலண்டன் இதழில் இந்தியாவிலிருந்து எழுதப்பட்ட கடிதமொன்று வெளியாயிற்று. 1792ஆம் ஆண்டுப் போரில் ஆங்கிலப் படையின் மாட்டுவண்டி ஓட்டியாயிருந்து, திப்பு சுல்தானிடம் சிறைப்பட்டு, மூக்கையும் ஒரு கையையும் இழந்தவர் கவாஸ்ஜி. ஓராண்டுக்கு மேல் மூக்கின்றி வாழ்ந்த அவருக்குப் பூனாவுக்கு அருகே செங்கல் செய்வோர் குலத்தவரொருவர் புதுமூக்கு அமைத்த முறையை அக்கடிதம் விவரிக்கின்றது. மெழுகுத் தகட்டினால் அளவெடுத்து, நெற்றித்தோலை அவ்வளவில் அறுத்து, கண்களுக்கிடையே ஒரு துண்டை மட்டும் விட்டுத் திருப்பிப் பொருத்தினர்; காசுக்கட்டிக் களிம்பிட்டனர்; பின்னர் நெய் தோய்ந்த துணியிட்டனர். ஐந்தாறு நாள் மல்லாந்து கிடத்தல் வேண்டும். இணைப்புத்தோல் வெட்டப்பட ஏறத்தாழ இருபத்தைந்து நாள் சென்றது.

நெய்யையும் துணியையும் மறவாது குறித்த அக்கடிதம் வலியைப் பற்றி வாய் திறக்கவில்லை. இலண்டனில் கார்ப்பியூ 1814இல் இம்முறையைப் பின்பற்றியபோதும் மயக்கமருந்து என ஒன்று இருக்கவில்லை. சத்திரசிகிச்சைக்கு முன் மது அருந்தக் கொடுக்குமாறு சுசுருத சங்கிதை கூறும்; அபின் அந்நூலில் இல்லை, பிற்காலத்துச் சார்ங்கதர சங்கிதையிலேயே அது இடம்பெறுகின்றது. கவாஸ்ஜியின் காலத்திலோ அபினுக்குப் பஞ்சமில்லை. வங்காளத்து அபின் வாணிகத்தைக் கம்பெனியார் 1773இலேயே தமதாக்கியிருந்தனர்!

1846இல் பொஸ்டன் நகரில் ஈதர் பயன்பட்டதோடு சத்திரசிகிச்சையின் வலி ஒழிந்தது என எழுதுவது வழக்கம். இது பாதியுண்மையே. ஈதர் கத்தி பட்ட நாழிகையை மறக்கச் செய்தது. கவாஸ்ஜி கிடந்த அந்நாட்களை அதனால் ஒன்றும் செய்திருத்தல் இயலாது. அவற்றுக்குரிய மருந்து அபினும், சேர்ட்டுர்னர் அதிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் பிரித்தெடுத்த மோர்பினுமேயாம்.

அம்மருந்தைப் பற்றிய சட்டங்களோ நோயாளியை முன்னிறுத்தி எழுந்தவையல்ல. இலங்கையின் 1929ஆம் ஆண்டு 17ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் நஞ்சு, அபின், அபாயகர ஒளடதம் ஆகியவற்றைத் தன் பெயரிலேயே ஒருங்கு நிறுத்துகின்றது. வைத்தியர் மோர்பின் வழங்குவதை அது தடுக்கவில்லை எனினும், அச்சத்தின் சாயலை அப்பெயரிற் காணலாம். இந்தியாவிலே 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னர் மருத்துவமனைகளில் மோர்பின் அரிதாயிற்று. புற்றுநோயாளர் பலர் மருந்தின்றித் துடித்தனர். 2014இல் அச்சட்டம் திருத்தப்பட்டது. அமெரிக்காவிலோ இதற்கு நேர்மாறு நிகழ்ந்தது. 1996இல் ஒக்சிகொன்டின் விற்பனைக்கு வந்தபின், அழகுக்கான சிறு சத்திரசிகிச்சை பெற்று அன்றே வீடு திரும்பியவர்க்கும் வேண்டியதின் மேலாக அபின்வகை மாத்திரைகள் வழங்கப்பட்டன. எஞ்சியவை வீட்டு அலமாரிகளிற் கிடந்து பிறர் கைக்கும் போயின.

மன்னாரிற் சிறு சத்திரசிகிச்சை பெற்று மாலையிலே தாராபுரம் திரும்பும் ஒருவருக்குப் பெரும்பாலும் பரசிற்றமோல் போன்றவையே போதும். போதாத இரவும் உண்டு. அவ்விரவுக்கென வைத்தியர் அபின்வகை மருந்து எழுத நேரின், எத்தனை மாத்திரை, எத்தனை நாளைக்கு என்பதை அவரே கணித்தல் வேண்டும்; அக்கணக்கைச் சொல்லித்தரச் சட்டங்கள் எழுந்தனவல்ல.