பிரேமதாச தனியார்மயத்தின் ஆளா?

பிரேமதாசவின் பெயரை எடுத்தால் செட்டிகுளத்தில் நமக்குள் இரண்டு கட்சி. சி.ரி.பி.யைக் கலைத்தவர் என்பார்கள் சிலர். பிள்ளைகளுக்குச் சீருடை தந்தவர் என்பார்கள் மற்றவர்கள். இரண்டையும் செய்தவர் அவர்தான். அதனால்தான் இந்த வாதம் முடிவதில்லை.

பஸ் கதையைப் பார்ப்போம். 1958 ஜனவரியில் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க தனியார் பஸ் கம்பனிகளை அரசுடைமையாக்கினார். 1977இல் வந்த ஜே.ஆர். அரசு தனியார் பஸ்களை மீண்டும் வீதிக்கு விட்டது. பிரேமதாச ஜனாதிபதியானதும் டிப்போக்கள் தனித்தனிக் கம்பனிகளாயின. பங்குகளில் பாதி ஊழியருக்கு இலவசம். இதைத் தனியார்மயம் என்று சொல்ல அவர் விரும்பவில்லை. 'மக்கள்மயப்படுத்தல்' என்றார்.

வெறும் சொல் விளையாட்டா? முழுதாக அப்படிச் சொல்ல நமக்கு மனம் வரவில்லை. வசதியான ஒரு முதலாளிக்கு விற்றிருக்கலாம், விற்கவில்லை. ஆனால் பங்குப் பத்திரத்தைக் கொடுத்து டயர் வாங்க முடியாதே! கையில் முதல் இல்லாத கம்பனி புது பஸ்ஸுக்கு எங்கே போகும்? கிராமத்துப் பாதை, கடைசி பஸ், மாணவர் சீசன் எதிலும் இலாபம் கிடையாது. தனியார் பஸ் ஆள் சேரும்வரை நிற்கும். பள்ளிக்கூட மணி நிற்காது. அந்தக் கம்பனிகளைப் பிறகு பெரிய கம்பனிகளாகச் சேர்த்துப் பார்த்தார்கள். கடைசியில் 2005ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் இலங்கைப் போக்குவரத்துச் சபை திரும்பி வந்தது.

அதே மனிதர்தான் 1989இல் ஜனசவியவைத் தொடங்கினார். பாடசாலைப் பகலுணவும் 1993இல் இலவசச் சீருடையும் அவர் காலத்தவை. 1992இல் தோட்டங்களின் நிர்வாகத்தைத் தனியார் கம்பனிகளிடம் ஒப்படைத்ததும் அவர் அரசே.

சொல்லை மட்டும் கேட்டு ஆளை அளப்பவர்கள் பின்னர் வந்த சந்திரிகாவையும் பார்க்கட்டும். 1994இல் மனித முகமுள்ள பொருளாதாரம் என்று வாக்குக் கேட்டார். 1997இல் ரெலிகொமின் 35 வீதம் ஜப்பானின் என்.ரி.ரி.க்குப் போனது. 1998இல் எயார் லங்காவின் 40 வீதம் எமிரேட்ஸுக்கு.

பிரேமதாச அரசை வியாபாரியாக நம்பவில்லை, கொடுப்பவராக நம்பினார் என்பதே நமது கணிப்பு. தனியார்மயத்தை அவர் ஆதரித்தது உண்மை. ஏழை வீட்டிலிருந்து அரசு விலகிக்கொள்வதை அவர் ஆதரித்ததில்லை. பஸ்ஸை அவர் வியாபாரப் பக்கத்தில் வைத்ததில்தான் நமக்கு அவரோடு வழக்கு. எங்களைப் போன்ற பிரதேசங்களில் பஸ்ஸும் பள்ளிக்கூடத்தின் ஒரு பகுதி. சீருடை கிடைத்த பிள்ளைக்கு பஸ் கிடைக்காவிட்டால் வகுப்பில் அதன் இடம் வெறுமையாகத்தான் இருக்கும். இந்த இடைவெளியை அடைக்கத்தான் 2005இல் 'சிசு செரிய' வந்தது. மாணவர்களை ஏற்றும் பஸ்ஸுக்கு இப்போது அரசே தனியாகக் காசு கொடுக்கிறது.