அன்றைக்கு நான் எங்கே இருந்தேன்

வகுப்பிலும் கூட்டங்களிலும் பல ஆண்டுகளாக நான் சொல்லிவந்த ஒரு காட்சி உண்டு. 2012 செப்டம்பர் 10, திங்கள்கிழமை. ராதாபுரத்தில் எங்கள் வீட்டு வாசலில் நிற்கிறேன். போலீஸ் வேன்கள் வரிசையாகக் கூடங்குளம் பக்கம் போகின்றன. தெற்கே கண்ணீர்ப்புகைக் குண்டு வெடிக்கும் சத்தம் கேட்கிறது.

இந்தக் கட்டுரைக்காக அம்மாவிடம் அந்த நாளைப் பற்றிக் கேட்டேன். "நீ அன்னைக்கு எங்கட்டி இங்க இருந்த? பாளையங்கோட்டையில்லா இருந்த. ராத்திரி போன்லதான எல்லாத்தையும் எங்கிட்ட கேட்ட" என்றார். பழைய டைரியைத் தேடி எடுத்துப் பார்த்தேன். அன்று மூன்று வகுப்புகள் எடுத்திருக்கிறேன். வேன்கள் அம்மா பார்த்தவை. சத்தம் தொலைக்காட்சியில் கேட்டது. கடற்கரை எங்கள் வீட்டிலிருந்து பத்து கிலோமீட்டருக்கும் மேல்.

நான் பொய் சொல்லவில்லை. அதுதான் என்னை அதிகம் தொந்தரவு செய்தது.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1988இல் ராஜீவ் காந்தியும் கொர்பச்சேவும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின்படி எழுந்தது கூடங்குளம் அணுமின் நிலையம். 2011இல் ஃபுகுஷிமா விபத்துக்குப் பிறகு இடிந்தகரை லூர்து மாதா கோயில் பந்தலில் உண்ணாவிரதங்கள் தொடங்கின. பந்தலை நிறைத்தவர்கள் பெண்கள், பீடித்தட்டை மடியில் வைத்துச் சுருட்டியபடியே. 2012 மார்ச்சில் ராதாபுரம் வட்டாரத்தில் 144 தடையுத்தரவு வந்தது. செப்டம்பர் 9 அன்று ஆயிரக்கணக்கானோர் கடற்கரை வழியாகவே நடந்து நிலையத்தின் அருகே போய் அமர்ந்தார்கள். மறுநாள் காவல்துறை தடியடி நடத்தியது, கண்ணீர்ப்புகை வீசியது. பலர் கடலுக்குள் இறங்கினார்கள். கைதான பெண்கள் திருச்சி பெண்கள் சிறைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். தேசத் துரோக வழக்குகளும் போடப்பட்டன.

இந்தப் பெண்கள் ஏன் வந்து உட்கார்ந்தார்கள் என்ற கேள்விக்கு அதிகாரத்திடம் இரண்டு பதில்கள் இருந்தன. ஒன்று, தூண்டிவிடப்பட்டார்கள். இன்னொன்று, பயந்துவிட்டார்கள். 2012இல் மக்களின் பயத்தைப் போக்க ஆலோசனை வழங்கவென்று பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவர்களின் உதவியை மத்திய அரசு நாடியது. தான் கண்டதைப் பேசும் பெண்ணுக்கு மனநிலை சரியில்லை என்று சொல்லிவிடுவது குடும்பங்களில் நாம் நன்கறிந்த வழக்கம்தானே.

பயம் இருந்தது உண்மை. ஆனால் அது தொலைக்காட்சியைப் பார்த்து வந்த பயம் மட்டுமல்ல. 2004 டிசம்பர் 26 அன்று இதே கரையில் கடல் உள்ளே வந்ததைக் கண்டவர்கள் இவர்கள். சுனாமிக்குப் பிறகு கட்டித் தரப்பட்ட குடியிருப்பிலிருந்து பார்த்தால் அணு உலைக் கட்டடம் தெரியும். ஜப்பானில் அலை சுவரைத் தாண்டியதைத் திரையில் பார்த்தபோது, பொறியாளர் கண்ணுக்கு அது இங்கே நிகழ முடியாத ஒன்று. இவர்கள் கண்ணுக்கு ஏற்கனவே நிகழ்ந்த ஒன்று. இருவரும் தத்தம் நினைவைக் கொண்டுதான் பார்த்தார்கள். ஒன்றுக்கு அறிவியல் என்றும் மற்றதற்குப் பீதி என்றும் பெயர் கிடைத்தது.

இதற்காக இடிந்தகரைப் பெண்களின் நினைவில் பிழையே இல்லை என்று நான் வாதாடப்போவதில்லை. அறுபதைத் தாண்டிய ஓர் அக்கா என்னிடம் சொன்னார்: "முன்னால போலீசு, பின்னால கடலு, தலைக்கு மேல பிளேனு. எங்க ஓட?" கடலோரக் காவல்படை விமானம் தாழப் பறந்தது செப்டம்பர் 13 அன்று, மக்கள் கடலில் இறங்கி நின்று போராடியபோது. புகை வீசப்பட்டது மூன்று நாள் முன்பு. அவர் இரண்டு நாள்களை ஒன்றாக்கியிருக்கிறார்.

இத்தாலிய வாய்மொழி வரலாற்றாசிரியர் அலெசாந்த்ரோ போர்த்தெல்லி இதைப் போன்ற ஒன்றை எழுதியிருக்கிறார். தெர்னி நகரில் லூயிஜி த்ரஸ்துல்லி என்ற இளம் தொழிலாளி 1949 மார்ச் 17 அன்று போலீசாரால் கொல்லப்பட்டார். நேட்டோவுக்கு எதிரான போராட்டம் அது. ஊரிலோ பலரும் அவர் 1953இல், ஆலையில் நடந்த பெரும் ஆட்குறைப்பை எதிர்த்த போராட்டத்தில் இறந்ததாகச் சொன்னார்கள். போர்த்தெல்லி தேதியைத் திருத்திவிட்டு நகர்ந்துவிடவில்லை. அந்தச் சாவு ஏன் இடம் மாறியது என்று கேட்டார். அக்காவின் விமானத்தையும் அப்படித்தான் கேட்க வேண்டியிருக்கிறது. தேதி தவறு. மூன்று பக்கமும் அடைபட்டு நின்றோம் என்பது தவறல்ல.

காவல்துறைப் பதிவுகளில் தேதியும் நேரமும் கச்சிதமாக இருக்கும். கலைந்து போகச் சொன்னோம், கல் வீசினார்கள், நடவடிக்கை எடுத்தோம். தலைக்கவசத்துக்குள்ளிருந்து பார்க்கிறவருக்குக் கூட்டம் தெரியும், முகங்கள் தெரியாது. சில பெயர்களுக்குப் பின்னால் "மற்றும் பலர்". அந்தப் பலருக்குள்தான் பெரும்பாலான பெண்கள் இருக்கிறார்கள். இதையும் ஒரு பார்வையின் குறை என்றே நான் வாசிக்கிறேன். ஆனால் இந்தக் குறைக்காக யாரையும் மனநல ஆலோசனைக்கு அனுப்பவில்லை.

என் பொய்ச் சத்தத்தை மட்டும் இவற்றோடு சேர்க்க முடியவில்லை. அக்கா இரண்டு நாள்களிலும் கரையில் இருந்தார். தான் பட்டதைத்தான் ஒன்றாக்கினார். நான் அங்கே இல்லாத வெட்கத்தை ஒரு சத்தத்தால் நிரப்பியிருக்கிறேன். சாட்சி சொல்லும் பெண்களைப் பற்றிப் பேசப் போய், அவர்கள் நின்ற இடத்தில் நானே நின்றுகொண்டேன்.

விமானம் வந்த தேதியை அவரிடம் சொன்னேன். கை நிற்காமல் சுருட்டிக்கொண்டே கேட்டுவிட்டு, "இருக்கும் டீச்சர்" என்றார். பிறகு, "நீங்க அன்னைக்கு எங்க இருந்திய?" என்றார்.

"பாளையங்கோட்டையில" என்றேன்.

தலையை ஆட்டிவிட்டு இருபத்தைந்து பீடியை எண்ணி ஒரு கட்டாகக் கட்டி வைத்தார்.