வெள்ளம் வடியும் வரையில்

திருச்சி மலைக்கோட்டையில் படி ஏறுகிறவர்களில் பெரும்பாலோர் உச்சிப் பிள்ளையாரை நினைத்துக்கொண்டுதான் ஏறுகிறார்கள். இடைவழியில் தாயுமானவர் இருக்கிறார். "இறங்கும்போது பார்த்துக்கொள்ளலாம்" என்று அவரைத் தாண்டிப் போய்விடுகிறவர்களும் உண்டு. இறங்கும்போது கால் வலியில் மறந்துவிடுகிறவர்களும் உண்டு. ஆனால் அவரையே தேடிக்கொண்டு வருகிறவர்கள் சிலர் இருக்கிறார்கள். தோளில் வாழைத்தாரைச் சுமந்த ஓர் இளைஞன், பின்னால் சோர்வு நீங்காத முகத்துடன் ஒரு பெண், அவளுக்கும் பின்னால் துணியில் சுற்றிய சிசுவுடன் ஒரு கிழவி. சுகப்பிரசவம் ஆனதற்குப் பிரார்த்தனை செலுத்த வந்தவர்கள்!

கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். செவ்வந்திப் புராணம் அதை விரிவாகச் சொல்லுகிறது. பூம்புகார் வணிகர் மகள் ரத்னாவதி, இந்த ஊரில் வாழ்க்கைப்பட்டுக் கர்ப்பமாக இருந்தாள். பிரசவத்துக்குத் தாயார் வரவேண்டும். அவளும் மருந்தும் எண்ணெயுமாக மூட்டை கட்டிக்கொண்டு புறப்பட்டு வந்தாள். ஆனால் காவிரியில் வெள்ளம். தாய் அக்கரையில், மகள் இக்கரையில். வலி கண்டுவிட்டது, மகள் சிவபெருமானைக் கூவி அழுதாள். அடுத்த நிமிஷம் தாயார் வந்து கதவைத் தட்டினாள். பிரசவம் நடந்தது. சில நாட்கள் கழித்து வெள்ளம் வடிந்தது. மறுபடியும் ஒரு தாயார் வந்து கதவைத் தட்டினாள்! ஒரே அச்சாக இரண்டு தாயார்களைக் கண்டு ரத்னாவதி திகைத்து நிற்கையில், முதலில் வந்தவள் மறைந்தாள். வந்தவர் யார் என்பது அப்போதுதான் விளங்கிற்று.

சித்திரைத் திருவிழாவில் 'செட்டிப்பெண் மருத்துவம்' என்று இதை இன்றும் நடத்திக் காட்டுகிறார்கள்.

நான் எத்தனையோ தடவை கேட்ட கதை. வயதான பிறகுதான் அதிலே ஒரு விஷயம் உறைத்தது. பிரசவம் பார்ப்பதற்கு மட்டும் என்றால் ஓர் இரவு போதுமே. குழந்தை அழுத உடனே கைலாசத்துக்குத் திரும்பியிருக்கலாம். அவர் திரும்பவில்லை. வெள்ளம் வடியும் வரையில் இருந்தார். அத்தனை நாளும் என்ன செய்திருப்பார்? வெந்நீர் போட்டிருப்பார். குழந்தையைக் குளிப்பாட்டியிருப்பார். பத்தியச் சாதம் வடித்திருப்பார். நடுநிசியில் எழுந்து துணி மாற்றியிருப்பார்.

இன்னொன்றும் உண்டு. பிள்ளை பெற்ற வீட்டுக்குப் பத்து நாள் தீட்டு. அந்த வீட்டார் கோயில் வாசலை மிதிக்க மாட்டார்கள். அவர்கள் வரக்கூடாத அந்த நாட்களில்தான், கோயிலில் இருப்பவர் அவர்கள் வீட்டுக்குப் போனார். திண்ணையோடு நின்றுவிடவில்லை, பிரசவ அறைக்குள்ளேயே போனார். தீட்டைத் தொட்ட தெய்வம் அவர்.

மலையிலிருந்து வடக்கே பார்த்தால் தென்னந்தோப்புகளுக்கு நடுவே ஸ்ரீரங்கத்துக் கோபுரங்கள் தெரியும். அங்கே தன்வந்திரிக்கு ஒரு சந்நிதி உண்டு. கோயிலைச் சேர்ந்த ஆரோக்கியசாலை ஒன்று இருந்ததையும், அது சிதைந்து போனபின் ஸ்ரீநிவாசர் என்கிற கருடவாகன பண்டிதர் அதைப் புதுப்பித்துத் தன்வந்திரியை எழுந்தருளப் பண்ணியதையும் 1493-ஆம் வருஷத்துக் கல்வெட்டு ஒன்று சொல்லுகிறது. அதற்கும் நானூறு வருஷங்களுக்கு முன்பு, காஞ்சிபுரத்துக்கு அருகிலுள்ள திருமுக்கூடலில் வீரராஜேந்திர சோழன் காலத்து ஆதுலசாலை இருந்தது. 15 படுக்கைகள், கோதண்டராமன் அசுவத்தாம பட்டன் என்று ஒரு வைத்தியர், சல்லியக் கிரியை பண்ணுவோன் ஒருவன், நோயாளிகளுக்கு மருந்து கொடுத்துப் பார்த்துக்கொள்ளப் பெண்கள் இருவர்.

ஆந்திர நாட்டு மல்காபுரத்தில் காகதீய அரசி ருத்ரமாதேவியின் காலத்துக் கல்வெட்டு, 1261-ஆம் வருஷத்தது, இன்னும் ஒரு படி மேலே போகிறது. அரசியின் ராஜகுரு விசுவேசுவர சிவாசாரியார் ஆரோக்கியசாலையோடு பிரசூதிசாலை ஒன்றையும் ஏற்படுத்தி, நிலத்தின் வருமானத்தில் அதற்குப் பங்கு வைத்தார். பெண் ஆண்ட நாட்டில் பிள்ளைப்பேற்று மருத்துவமனை ஏற்பட்டது பொருத்தம்தான்!

வைத்தியர் பெயர் தெரிகிறது, குருவின் பெயர் தெரிகிறது. திருமுக்கூடலில் மருந்து கொடுத்த அந்த இரண்டு பெண்கள்? எண்ணிக்கை மட்டும் மிஞ்சியிருக்கிறது.

கல்வெட்டுக்குப் போவானேன்? 1954-ல் என் தம்பி ஸ்ரீரங்கத்து வீட்டில் பிறந்தபோது வந்த மருத்துவச்சியை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. நம் ஊர்களில் அந்தத் தொழில் நாவிதர் குலப் பெண்களுடையது. முன்வாசல் வழியாக அவள் வந்ததில்லை, கொல்லைப்புற வழி. கிணற்றடியில் கால்களை நீட்டி உட்கார்ந்து, குழந்தையை முழங்காலுக்குக் கீழே கிடத்தி, எண்ணெய் தேய்த்து, வெந்நீரை உள்ளங்கையால் தணித்துத் தணித்து ஊற்றுவாள். பிறகு சாம்பிராணிப் புகை. அப்புறம் அம்மாவுக்குத் தலைக்கு ஊற்றி, வயிற்றில் துணியை இறுக்கிக் கட்டிவிடுவாள். சுக்கும் கண்டந்திப்பிலியும் வெல்லமும் நெய்யும் சேர்ந்த லேகியம் பாட்டியின் இலாகா. பத்து நாள் கழிந்தால் மருத்துவச்சிக்கு ஒரு பழம்புடவை, அரிசி, வெற்றிலை பாக்கு, கொஞ்சம் சில்லறை. அத்துடன் கணக்குத் தீர்ந்தது. அவளை எல்லோரும் "மருத்துவச்சி" என்றே கூப்பிட்டார்கள். வைத்தியர் என்பதற்குப் பெண்பால்தானே அது? கொல்லைப்புறமாக வந்த வைத்தியர்!

பழசெல்லாம் பொன் என்று நான் சொல்லவில்லை. பிள்ளை பெற்றவளுக்குத் தாகத்துக்குத் தண்ணீர் கொடுக்க மாட்டார்கள். குழந்தைக்கு முதல் தடுப்பு மருந்தான சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டுச் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைப்பார்கள். தொப்புள் கொடியை அரிவாளால் அறுத்துச் சாம்பலை அப்பிய இடங்களும் உண்டு. ஒரு வாரத்துக்குள் குழந்தை வலிப்புக் கண்டு போகும், தோஷம் என்பார்கள். அது தோஷமல்ல, டெட்டனஸ். தாய்க்கு ஊசி போட்டும், சுத்தமான பிளேடால் கொடியை அறுத்தும் அதை ஒழித்துக்கட்ட நம் தேசத்துக்கு 2015 வரை ஆயிற்று.

ஆனால் படித்தவர்களும் கை சுத்தமாக இருந்துவிடவில்லை. வியன்னா நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு பிரசவ வார்டுகள் இருந்தன. ஒன்றில் டாக்டர் மாணவர்கள், மற்றதில் மருத்துவச்சிகள். 1846-ல் மாணவர்கள் வார்டில் 100-க்கு 11 தாய்மார்கள் செத்தார்கள்; மருத்துவச்சிகள் வார்டில் 3 பேர் கூட இல்லை. ஏழைப் பெண்கள் இரண்டாவது வார்டில் இடம் கேட்டுக் கெஞ்சினார்களாம். பிணத்தை அறுத்துப் படித்த கையோடு பிரசவத்துக்கு வந்ததுதான் காரணம் என்று ஸெம்மல்வைஸ் என்ற டாக்டர் கண்டுபிடித்து, 1847-ல் குளோரின் கலந்த நீரில் கை கழுவச் சொன்னார். சாவு மளமளவென்று குறைந்தது. பெரிய டாக்டர்களுக்கோ கோபம் வந்தது!

சென்னையில் பிரசவ ஆஸ்பத்திரி 1844-ல் ஏற்பட்டது. 1854-ல் மருத்துவச்சிகளுக்குப் பயிற்சி தொடங்கியது. 1926-ல் வந்த சட்டம் பயிற்சி பெற்ற நர்ஸுகள், மருத்துவச்சிகள் பெயர்களைப் பதிவேட்டில் ஏற்றியது. கல்வெட்டில் கிடைக்காத இடம் காகிதத்தில் கிடைத்தது. 2018-20 கணக்கின்படி தமிழ்நாட்டில் லட்சம் பிரசவத்துக்கு 54 தாய்மார்கள் இறந்தார்கள். தேசம் முழுவதற்கும் அந்தக் கணக்கு 97. ரத்தப் பெருக்கும் ஜுரமும் குழந்தை பிறந்த பிறகுதானே வருகின்றன? அதனால்தான் உலக சுகாதார ஸ்தாபனம், ஒரு நாளாவது ஆஸ்பத்திரியில் வைத்திருந்து, பிறகு மூன்றாம் நாள், இரண்டாவது வாரம், ஆறாவது வாரம் என்று போய்ப் பார்க்கச் சொல்லுகிறது. தாயுமானவருக்கு இது முன்பே தெரிந்திருக்கிறது.

இவ்வளவும் எழுதுகிறவனுக்கு ஒரு கடன் பாக்கி இருக்கிறது. 1977 நவம்பரில் திருச்சியை வெள்ளம் சூழ்ந்ததே, அந்த வாரத்தில்தான் என் மூத்த பெண் அங்கே ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் பிறந்தாள். மாமியார் ஸ்ரீரங்கத்தில் மாட்டிக்கொண்டாள். எனக்கோ குழந்தையைத் தூக்கக்கூடத் தெரியாது. மூன்று நாளும் மனைவியையும் குழந்தையையும் பார்த்துக்கொண்டவள் அங்கே இருந்த ஆயா. அவள் வீடு தாழ்வான இடத்தில் இருந்தது. தண்ணீர் புகுந்துவிட்டது என்று முதல் நாளே செய்தி வந்தது.

"நீ போய்ப் பார்த்துவிட்டு வா, ஆயா" என்றேன்.

"வீடு எங்கே சாமி ஓடிடப் போவுது? தண்ணி வடிஞ்சா இருந்த எடத்துலதான் இருக்கும். இது பச்சை உடம்பு" என்றாள்.

நான்காம் நாள் மாமியார் வந்து சேர்ந்தாள். ரங்கநாதரைத் தவிர வேறு தெய்வத்தின் பெயரை வாயால் சொல்லாதவள். மகளையும் பேத்தியையும் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டு, ஆயாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "தாயுமானவர்னு சொல்றாளே, நீதாண்டியம்மா அது" என்றாள்.

ஆயாவிடம் பத்து ரூபாய் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, புடவையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகி, தெருவில் தேங்கியிருந்த தண்ணீரில் இறங்கிப் போனாள்.

சோழன் கல்வெட்டில் அந்த இரண்டு பெண்களின் பெயர் இல்லையே என்று குறைப்பட எனக்கு என்ன யோக்கியதை? மூன்று நாள் கூடவே இருந்தும், அவள் பெயரை நான் கேட்கவில்லை.