கரை காத்த கைகள்

தாமிரபரணியின் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள் உள்ளன. அவற்றுள் ஏழு ஆங்கிலேயர் ஆட்சிக்கு முற்பட்டவை. ஸ்ரீவைகுண்டம் அணை மட்டுமே 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்தது. தச்சநல்லூரில் வாழும் நாம் நன்கறிந்த நெல்லைக் கால்வாய், சுத்தமல்லி அணையிலிருந்து புறப்படுகிறது. அணைகளைக் கட்டுவித்தோர் ஆட்சியாளர்கள். ஆனால் ஆண்டுதோறும் தூர் எடுத்தும், மடைகளைச் செப்பனிட்டும், கரைக்கு மண் அணைத்தும் கால்வாய்களைக் காத்து வந்தவர்கள் ஊர் மக்களே. அப்பணிக்குக் குடிமராமத்து என்று பெயர்.

பழமையைப் போற்றும்போது அதன் குறையை மறைத்தல் ஆகாது. நீரால் பயன் பெற்றோர் நிலமுடையோர். மண்வெட்டி பிடித்தோரோ பெரும்பாலும் நிலமற்ற ஒடுக்கப்பட்ட மக்கள். சுமை ஒரு சாராருக்கும் விளைச்சல் மறு சாராருக்குமாகப் பிரிந்த பின், பொதுப்பணி எவ்வாறு நிலைக்கும்? மெல்ல அது தளர்ந்தது.

தளர்ந்ததைச் சட்டத்தால் தூக்கி நிறுத்த முயன்றது ஆங்கில அரசு. 1858ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்திற்கெனக் கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. வெள்ளத்தால் கரை உடையும் அபாயம் நேர்ந்தால், அண்டையிலுள்ள உழைக்கும் வகுப்பு ஆண்களை வேலைக்கு அழைக்க அதிகாரிகளுக்கு அது உரிமை தந்தது. குடிமராமத்துக் கடமையில் தவறியோரிடம் பணம் வசூலிக்கவும் வழி செய்தது. எனினும் ஊர் ஒற்றுமையைச் சட்டம் மீட்டுத் தரவில்லை. அழைக்கப்பட்டோர் மீண்டும் உழைப்பாளரே என்பதையும் நாம் கவனிக்க வேண்டும்.

இனி, நம் கண்முன் நிகழ்ந்த வரலாற்றுக்கு வருவோம். 2023 டிசம்பர் 17, 18 நாட்களில் நம் பகுதியிலும் தூத்துக்குடி மாவட்டத்திலும் வரலாறு காணாத மழை கொட்டியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் பெய்தது 95 சென்டிமீட்டர். 17ஆம் நாள் இரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட விரைவு ரயில், ஏறத்தாழ 800 பயணிகளுடன் ஸ்ரீவைகுண்டம் நிலையத்திலேயே நின்றுவிட்டது. அப்பாலுள்ள தண்டவாளத்தின் அடியிலிருந்த மண்ணையும் ஜல்லியையும் வெள்ளம் அரித்துச் சென்றிருந்தது. சாலைகளும் துண்டிக்கப்பட்டன. அருகிலுள்ள புதுக்குடி மக்கள் ஊர்க் கோவிலில் அடுப்பு மூட்டினர். தங்களிடம் இருந்த அரிசியைக் கொண்டு சமைத்து, முன்பின் அறியாத அம்மக்களுக்கு உணவளித்தனர். 19ஆம் நாள் மீட்பு முழுமை பெறும் வரை பயணிகளைத் தாங்கி நின்றது அவ்வூர். தாங்களும் வெள்ளத்தால் சூழப்பட்டவர்கள் என்பதை அவர்கள் சாக்காகச் சொல்லவில்லை.

அவர்களை எந்தச் சட்டமும் அழைக்கவில்லை. பெரிய பாத்திரங்கள் அங்கே இருந்தன. கூடிச் சமைத்துப் பழகிய கைகளும் இருந்தன. கொடை விழாவுக்கென வளர்ந்த பழக்கம், பேரிடரில் உயிர் காத்தது. ஊரின் தற்சார்பு என்பது இதுதான்: இடர் வருமுன்னரே பொதுவில் சேர்த்து வைத்த பொருளும் பழக்கமும். இதனால் அரசின் கடமை ஒருபோதும் குறைவதில்லை. ஆனால் அரசின் படகு வந்து சேரும் வரை உள்ள அந்த இரண்டு நாள்கள் நம்முடைய பொறுப்பு.

நம் தெருவில் தனித்து வாழும் முதியோர் யார், நடக்க இயலாதோர் யார் என்பதை நாம் அறிவோமா? ஐப்பசி பிறக்குமுன் வடிகாலைத் தூர்வார எத்தனை வீடுகளிலிருந்து ஆள் வருவர்? மாடி வீட்டாரும் மண்வெட்டி எடுப்பாரா? வீட்டுக்கு ஒரு பிடி அரிசி எனச் சேர்க்கும் பொதுப்பானை ஒன்று நம்மிடம் உண்டா? அடுத்த வெள்ளத்தில் இவ்வினாக்களை ஆறே நம்மிடம் கேட்கும். விடையை இப்போதே ஆயத்தம் செய்வோம்.