பொன் வயலில் தமிழர் குடியிருப்பு

எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பது நம் முன்னோர் மொழி. தார்நாகாவில் வாழும் தமிழ்க் குடும்பங்களுள் பல, இரயில்வேயிலும் ஆய்வுக்கூடங்களிலும் பல்கலைக்கழகத்திலும் பணியேற்று இங்கு வந்தவை. பணியோடு கிடைக்கும் குவார்ட்டர்ஸின் அருமையும், ஓய்வு பெறும் நாளில் அதனைக் காலி செய்யும் கவலையும் நாம் அறியாதன அல்ல. ஆதலின், நம்மைப் போலவே பிழைப்பு நாடி எல்லை கடந்த மற்றொரு தமிழ்க் கூட்டத்தாரின் வீட்டு வரலாற்றை இம்மலரில் நினைவுகூர்தல் பொருத்தமாகும். அவர்கள் கோலார் தங்கவயலுக்குச் சென்ற தமிழர்.

1880-ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் என்னும் ஆங்கில நிறுவனம், அன்றைய மைசூர் சமஸ்தானத்தில் இருந்த அவ்வயலின் நிர்வாகத்தில் கால் வைத்தது. மாரிக்குப்பம், சாம்பியன் ரீப், ஊரிகம், நந்திதுர்க்கம் எனச் சுரங்கங்கள் பெருகின. அவற்றில் இறங்கி உழைக்க வட ஆற்காடு முதலிய பகுதிகளிலிருந்து மக்கள் திரண்டு சென்றனர். அவர்களுட் பெரும்பாலோர் ஆதிதிராவிடர். நிலமின்றி, பிறர் நிலத்தில் உழைத்தும் மதிப்பின்றிக் கிடந்தோர். ஊரில் கிட்டாத ரொக்கக் கூலி அங்குக் கிட்டிற்று. ஆனால் இருக்க இடம்?

மூங்கில் தட்டியை நிறுத்தி, மண் பூசிச் சுவராக்கிய குடிசைகளே அவர்களுக்கு வாய்த்தன. ‘தட்டி வீடு’ என்றே அவற்றுக்குப் பெயர். வரிசை வரிசையாய் அமைந்த அவ்விருப்பிடங்கள் ‘லைன்’ எனப்பட்டன. சமையலும் உறக்கமும் பிள்ளைப்பேறும் அச்சிறு இடத்திலேயே நடந்தேறின. வேலை உள்ளவரைதான் வீடு. வேலை போயின் வீடும் போம். எனவே நிர்வாகத்தை எதிர்த்துப் பேச நினைத்தவனுக்கு, தன் மனைவி மக்கள் தெருவில் நிற்கும் காட்சி முதலில் கண்முன் வந்து நின்றது. குடியிருப்பே ஒரு கடிவாளமாயிற்று.

1902-ஆம் ஆண்டில் காவிரியின் சிவசமுத்திரத்திலிருந்து ஏறக்குறைய 92 மைல் தூரம் கம்பி இழுத்து, தங்கவயலுக்கு மின்சாரம் கொண்டுவந்தனர். அக்காலத்தில் உலகோர் வியந்த செயல் அது. அம்மின்சாரம் எந்திரங்களை இயக்கிற்று. துரைமார் பங்களாக்களை ஒளிரச் செய்தது. தட்டி வீட்டிலோ நெடுங்காலம் மண்ணெண்ணெய் விளக்கே துணை. அறிவு இல்லாமையாலோ பொருள் இல்லாமையாலோ நேர்ந்த குறை அன்று இது. தொழிலாளியும் மனிதனே என்னும் எண்ணம் இல்லாமையே காரணம்.

பொன்னைப் பிரித்தபின் கொட்டிய சயனைடு மண், லைன்களின் அருகே குன்றுகளாய்க் குவிந்தது. காற்றடிக்கும் காலத்தில் அத்தூசி அடுப்பங்கரை வரை வந்து படிந்தது. சுரங்கத்தின் உள்ளேயோ கற்றூள். நுரையீரலைக் கல்லாக்கும் சிலிகோசிஸ் நோய், 1934-இல் இந்தியாவிலேயே முதன்முதலாக இத்தங்கச் சுரங்கத் தொழிலாளரிடையேதான் கண்டறியப்பட்டது. 1940-க்கும் 1946-க்கும் இடையே நடந்த மருத்துவச் சோதனையில், பார்க்கப்பட்டோரில் பத்துக்கு நால்வருக்கும் மேலாக அந்நோய் இருந்தது. நோயுற்ற தந்தையும் பால் குடிக்கும் குழந்தையும் ஒரே அறையில் படுத்தனர் எனின், வீட்டுக் குறையும் நோயும் வேறு வேறாகுமோ?

இந்நிலையிலும் அம்மக்கள் சோர்ந்து கிடக்கவில்லை. அயோத்திதாசப் பண்டிதரின் சாக்கிய பௌத்த சங்கத்திற்கு மாரிக்குப்பத்தில் கிளை எழுந்தது. அவர் 1914-இல் மறைந்தபின், அவர் நடத்திய ‘தமிழன்’ இதழை 1926-இல் அப்பாதுரையார் தங்கவயலிலிருந்தே மீண்டும் வெளியிட்டார். தட்டி வீட்டில் விளக்கடியில் ஒருவர் படிக்கப் பலர் கேட்டதால் வளர்ந்தது அம்மக்களின் தன்மானம். 1930-இல் கைவிரல் ரேகை பதிவு செய்யவேண்டும் என்ற ஆணை வந்தபோது, அத்தன்மானமே 21 நாள் வேலைநிறுத்தமாக வெடித்தது. பின்னர்த் தொழிற்சங்கங்கள் அமைந்தன. 1946 நவம்பர் 4-ஆம் நாள் துப்பாக்கிச் சூட்டில் ஆறு தொழிலாளர் உயிர் துறந்தனர். கூலியும் குடியிருப்பும் மருத்துவமும் மெல்ல மெல்லச் சீர்பட்டமைக்கு இத்தகைய தியாகங்களே அடிப்படை.

அதே காலத்தில் நாடளவிலும் ஒரு மாறுதல் நிகழ்ந்தது. வைசிராயின் நிர்வாக சபையில் தொழிலாளர் உறுப்பினராயிருந்த டாக்டர் அம்பேத்கர், நிலக்கரிச் சுரங்கங்களுக்கு நேரில் சென்று நிலைமையைக் கண்டார். 1944-இல் நிலக்கரித் தொழிலாளர் நல நிதிக்கு அவசரச் சட்டம் பிறந்தது. 1947-இல் வந்த சட்டம், அனுப்பப்படும் கரியின் மீது தீர்வை விதித்து, வீடு கட்டுவதற்கென்றே தனிக் கணக்கும் வகுத்தது. வீடு முதலாளியின் ஈகை அன்று, தொழிலின் கடன் என்னும் கொள்கை இவ்வாறு சட்டத்தில் ஏறிற்று.

தங்கவயல் 1956-இல் மைசூர் அரசிடமும், 1962-இல் மத்திய அரசிடமும் சேர்ந்தது. 1972-இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் தோன்றிற்று. 800 டன்னுக்கு மேல் பொன் ஈந்த அவ்வயல் 2001-இல் மூடப்பட்டது. வேலை போயிற்று, பழைய அச்சமோ மீண்டும் வாயிலில் வந்து நின்றது. மூன்று தலைமுறை பிறந்து வளர்ந்த லைன் வீடு யாருடையது? நிலுவைத் தொகையோடு வீட்டுரிமையையும் தொழிலாளர் கேட்கவேண்டியதாயிற்று. அவர்தம் மக்கள் வைகறையில் இரயிலேறிப் பெங்களூரில் உழைத்து, இரவில் அந்த லைன்களுக்கே திரும்பும் வாழ்வும் தொடங்கிற்று.

சுவர், கூரை, தண்ணீர், விளக்கு ஆகிய நான்கும் அமைந்தால் வீடு நிறைவுறும் என எண்ணுகிறோம். ஐந்தாவதாக உரிமை ஒன்று வேண்டும் என்பதே தங்கவயல் கற்பிக்கும் பாடம். பூமிக்கடியில் பத்தாயிரம் அடிக்கும் கீழே சென்று உலகுக்குப் பொன் எடுத்துத் தந்தவர்கள், பூமிக்கு மேல் தமக்கென ஒரு பிடி மண் கேட்டார்கள். பொன்னணி பூணும் நம் இல்லங்களில் அவ்வுழைப்பின் துகள் ஏதேனும் இருத்தல் கூடும். அதனை நம் பிள்ளைகளுக்கு எடுத்துரைப்போம்.