தையல் போட்ட தலையும் ஜகார்த்தா தங்கமும்

ஹைதராபாத் பள்ளி ஆசிரியர் சையது அப்துல் ரஹீம், 1950 முதல் இந்தியக் கால்பந்து அணியின் பயிற்சியாளர். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் கிடைத்தது அவர் காலத்தில்தான்.

1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டு. முதல் ஆட்டத்திலேயே தென்கொரியாவிடம் 0-2 தோல்வி. அடுத்து தாய்லாந்தை வென்றபோது தடுப்பாட்டக்காரர் ஜர்னைல் சிங்கின் தலை உடைந்து தையல் விழுந்தது. காயம்பட்டவரை ரஹீம் அரையிறுதியில் முன்கள வீரராக இறக்கினார். இன்றைய மருத்துவர்கள் ஒப்பமாட்டார்கள். அன்று அது பலித்தது. அரையிறுதி, இறுதி இரண்டிலும் ஜர்னைல் கோல் அடித்தார்.

செப்டம்பர் 4, இறுதியாட்டம். மறுபடி தென்கொரியா. உடல்நலம் தேறிய பீட்டர் தங்கராஜ் கோல்கீப்பராகத் திரும்பினார். அரங்கமே எதிராகக் கூச்சலிட, இந்தியா 2-1 என வென்றது.

அடுத்த ஜூனில் ரஹீமைப் புற்றுநோய் கொண்டுபோனது. ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் இந்தியாவுக்கு அதன்பின் தங்கம் இல்லை.